கூரைக்குக் கீழே பெய்த மழை

எங்கள் மூங்காப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லித் திரிவார்கள். சுத்தப் பொய். அறிவு நிறையவே இருக்கிறது. யாரும் எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். அதிலும் என்னிடம் இருப்பது பிரிக்காத பொட்டலமாக அப்படியே இருக்கிறது. என் பெயர் வெயிலுமுத்து.

எங்களுடையது கரிசல் காடு. கிணறும் கிடையாது, கால்வாயும் கிடையாது. வருஷத்தில் பத்து மாசம் வெயில்தான். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எங்கள் சடையாண்டியின் இடது கால் செருப்பு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெடிப்புக்குள் விழுந்தது, வரும் வரும் என்று வலது கால் செருப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான். மீதி இரண்டு மாசம் மழை. ஐப்பசி பிறந்து நல்ல மழை விழுந்ததும் உளுந்தை விதைத்துவிட வேண்டும். முந்தினால் விதை மண்ணுக்குள்ளேயே பொசுங்கிப் போகும். பிந்தினால் பூக்கிற நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. எங்கள் ஒரு வருஷத்துச் சோறு அந்தப் பத்துப் பதினைந்து நாளுக்குள்தான் இருக்கிறது.

போன வருஷம் அந்தச் சோற்றில் மண்ணைப் போட்டவன் நான்தான். "முதல் சொட்டு விழுந்த நிமிஷமே விதைச்சிரணும்டா" என்று எங்கள் நாட்டாமை அய்யலுச்சாமி மாமா சொல்லியிருந்தார். ஆவணி மாசம், உச்சி வெயில், தெருவில் நடந்து போகிறேன், என் மூக்கு நுனியில் டப்பென்று ஒரு சொட்டு. "விழுந்துருச்சு! விழுந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஊரே திரண்டு போய் விதைத்தது. சாயங்காலம் பார்த்தால், கொடியில் காய்ந்த என் பெண்டாட்டி சீனியம்மாவின் சேலையில் இருந்து விழுந்த சொட்டு அது. விதை மொத்தத்தையும் எறும்பும் புறாவும் தின்று தீர்த்தன. அந்த மாசம் எங்கள் ஊர்ப் புறாக்கள் பறக்க முடியாமல் நடந்தே போய் வந்தன.

இந்த வருஷம் எங்கெங்கேயோ அலைந்து ஊருக்கு ஏழு மூட்டை விதை சேர்த்திருந்தோம். இதுவும் போனால் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான். சீனியம்மா என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் நீரு கெடுத்தீருன்னா, எருமையப் பிடிச்சிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீரு மூக்க வச்சுக்கிட்டு இங்கனயே இரும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த எருமை வேளைக்கு மூணு லிட்டர் கறக்கும். சீனியம்மாவும் நல்லவள்தான்.

அப்போதுதான் வேளாண்மை ஆபீசில் இருந்து ஜெபராணி மேடம் ஸ்கூட்டியில் வந்தார். கையில் ஒரு கண்ணாடிக் குழாய். வாய் அகலமாக இருந்தது, பக்கத்தில் கோடு கோடாக எண் போட்டிருந்தது. ஊர்க் கூட்டத்தில் அதைத் தூக்கிக் காட்டினார்.

"இது மழைமானி. இதுல மழை எவ்வளவுன்னு தெரியும். கண்ணால பாத்து விதைக்காதீங்க, மூக்கால பாத்தும் விதைக்காதீங்க" என்று சொல்லி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். "இதுல ஐம்பதுன்னு காட்டினாத்தான் விதைக்கணும். அதுவரைக்கும் ஒரு விதை கூட மண்ணுல விழக்கூடாது. தினமும் காலைல பாத்து நோட்டுல எழுதி வையுங்க. முக்கியமான விஷயம், இதுக்குள்ள எதுவும் விழாமப் பாத்துக்கங்க."

"எதுவுமா மேடம்?" என்று கேட்டார் கரும்பாயிரம். எங்கள் ஊரிலேயே படித்தவர் அவர். மூன்றாம் வகுப்பை மட்டும் மூன்று தடவை படித்தவர்.

"ஆமா. எலை, தூசி, காக்கா எச்சம், எதுவுமே."

ஊர் எல்லையில் காட்டை ஒட்டி ஒரு கம்பம் நட்டு, அதில் மானியைக் கட்டிவிட்டு மேடம் போய்விட்டார். காவலுக்கு என்னைப் போட்டார்கள். சொட்டு விஷயத்தில் எனக்குத்தான் அனுபவம் இருக்கிறதாம்.

நான் பொறுப்பானவன். கம்பத்தடியில் உட்கார்ந்து அரை நாள் மேலேயே பார்த்தேன். கழுத்து வலித்தது. ஒரு காக்கா வேறு வட்டம் போட்டது. வீட்டுக்கு ஓடிப்போய் கஞ்சிச் சட்டி மூடியை எடுத்து வந்து மானி வாயில் அழுத்தி மூடினேன். இனி இலையும் விழாது, எச்சமும் விழாது. நாட்டாமை வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லடா மாப்ளே, தேறிட்ட" என்று முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. வடகிழக்கே கருத்தது, மின்னல் வெட்டியது, பிறகு வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. கரிசல் மண்ணின் வெடிப்பெல்லாம் வாயை மூடிக்கொண்டது. நாங்கள் எல்லாரும் விதைப்பெட்டியோடு கம்பத்தைச் சுற்றி நின்றோம். நான் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.

"எவ்வளவுடா?"

"சைபர் மாமா."

நாட்டாமை முகத்தில் வழிந்த தண்ணீரைத் துண்டால் துடைத்தார். துண்டைப் பிழிந்தார். "அப்ப இன்னும் மழை பெய்யலையா?"

"பெஞ்சா மானி காட்டாம இருக்குமா? அது கவர்மெண்டு மானி" என்றார் கரும்பாயிரம்.

"அப்ப இது என்னது?" சடையாண்டி உள்ளங்கையை நீட்டினான். கை நிரம்பி வழிந்தது.

"இது தண்ணி. மேல இருந்து விழுது. அவ்வளவுதான். மழைன்னு நாம சொல்லக்கூடாது. போன வருஷம் அப்படி அவசரப்பட்டுத்தானடா நாசமாப் போனோம்" என்றார் கரும்பாயிரம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மூடியைப் பழையபடி மூடினேன்.

மழை இல்லை என்று முடிவாகிவிட்டதால் ஊர் அதற்கேற்றபடி நடந்துகொண்டது. துணி துவைத்துக் கொடியில் போட்டோம், நாலு நாளாகக் காயவில்லை. காற்று சரியில்லை என்று பேசிக்கொண்டோம். வத்தல் போட்ட கிழவிகள் வத்தலுக்குப் பின்னாலேயே தெருவில் நீந்திப் போனார்கள். ஒருத்தன் குடையை விரித்தான், "மழையில்லாத நாள்ல குடை என்ன கேடு, ஊர் சிரிக்கவா?" என்று நாட்டாமை பிடுங்கி வைத்துக்கொண்டார். கண்மாய் நிறைந்து மறுகால் வழியே வழிந்தது. மேற்கத்தி ஊர்க்காரன் எவனோ தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறான் என்று ஒரு ராத்திரிக்குள் கண்டுபிடித்தோம். ஊரே தும்மியது. கோடைப் புழுதி சும்மா விடுமா என்றார் கரும்பாயிரம்.

தவளைகள்தான் ஓயாமல் கத்தின. "அதுக மழை வந்துருச்சுன்னுல்ல கத்துது?" என்று சடையாண்டி கேட்டான்.

"அதுகிட்ட மானி இருக்கா?" என்றார் கரும்பாயிரம்.

நான் ஆபீசுக்குப் போன் போட்டு வாரம் ஒரு தடவை கணக்குச் சொல்லவேண்டும். சொன்னேன். "சைபர் மேடம்."

"என்னது? இங்க டவுன்ல ரோடே தெரியல. அங்க சைபரா?" மேடத்தின் குரலே சரியாகக் கேட்கவில்லை. என் பக்கம் அவ்வளவு இரைச்சல்.

"சுத்தமா சைபர் மேடம்."

இப்படியே பன்னிரண்டு நாள் போய்விட்டது. உள்ளுக்குள் எல்லாருக்கும் கிலி பிடித்துக்கொண்டது. இன்னும் நாலைந்து நாள் தாண்டினால் விதைத்தும் பிரயோசனம் இல்லை. வானம் பார்த்த பூமிக்காரர்களான நாங்கள் வானத்தைப் பார்த்துப் பார்த்து அழுதோம். அழுதது யாருக்கும் தெரியவில்லை, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது. சீனியம்மா எருமைக்குக் கயிறு மாற்றத் தொடங்கினாள்.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் காற்று ஊளையிட்டது, கம்பம் ஆடியது. மானி உடைந்துவிடுமோ என்று பயந்து அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுபோனேன். வீட்டுக்குள் காக்கா ஏது, இலை ஏது? அதனால் மூடியைக் கழற்றிச் சீனியம்மாவிடம் கொடுத்துவிட்டு, மானியை நடுவீட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் ஐம்பத்து இரண்டு.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். ஐம்பத்து இரண்டேதான். கோவணம் அவிழ்வது தெரியாமல் தெருவில் ஓடினேன். ஊர் முழுக்க என் வீட்டுக்குள் நுழைந்தது. நாட்டாமை குனிந்து கோட்டை எண்ணினார். கரும்பாயிரம் அண்ணாந்து பார்த்தார். பனையோலைக் கூரையில் ஒரு முறம் அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

"அட, மழை உன் வீட்டுக்குள்ளதான்டா பெய்யுது!" என்றார் நாட்டாமை. "ஊரெல்லாம் தேடுறோம், நீ பாட்டுக்கு வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்திருக்க."

"எட்டு வருஷமா நானும் சொல்றேன், வீடு ஒழுகுதுன்னு. இந்த மனுசன் காதுல விழுந்தாத்தான?" என்றாள் சீனியம்மா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊருக்கே பொதுவான மழையை ஒருத்தன் எட்டு வருஷமாகத் தனியாக அனுபவித்திருக்கிறான் என்றால் தப்புதானே.

"ஐம்பது காட்டுன எடத்துல விதைக்கணும். இங்கயே விதைச்சிருவோம்" என்றான் சடையாண்டி. ஏழு மூட்டையையும் தூக்கி வந்தார்கள். சீனியம்மா உலக்கையை எடுத்தாள். மூட்டைகள் வந்த வழியே திரும்பிப் போயின.

கரும்பாயிரம் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசித்தால் நாங்கள் மூச்சுவிட மாட்டோம். "நல்லாக் கவனிங்க. வெளிய மானிய வச்சா சைபர். இந்தக் கூரைக்குக் கீழ வச்சா ஐம்பது. அப்ப மழை எங்க இருக்கு? கூரையில இருக்கு. கூரை எங்க போனாலும் மழையும் கூடப் போகும்."

அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போல இருந்தது. விழுந்தும் விட்டேன்.

பன்னிரண்டு பேர் சேர்ந்து என் வீட்டுக் கூரையை அப்படியே தூக்கினோம். தெருவழியாகக் கொண்டுபோய்க் கரிசல் காட்டில் இறங்கினோம். கரிசல் சேற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது காலை விடாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு உருண்டை மண் உள்ளங்காலில் அப்பிக்கொண்டு வரும். முதல் வயல் முடிவதற்குள் பன்னிரண்டு பேரும் ஒரு முழம் வளர்ந்துவிட்டோம், கூரையும் கூடவே உயர்ந்துவிட்டது. நடுவில் நான் மூடியில்லாத மானியை ஓட்டைக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தேன். மூடி எதற்கு, மேலே கூரை இருக்கிறதே!

தூக்கிய ஆட்டத்தில் ஓட்டை இன்னும் அகன்றுவிட்டது, ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரத்துக்குள் மானி ஐம்பதைத் தொட்டுவிடும். "பெஞ்சிருச்சு!" என்று நான் கத்துவேன். "விதை!" என்பார் நாட்டாமை. அந்த வயலுக்கு விதை விழும். தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குக் கூரையைத் தூக்குவோம். மூன்று நாளில் ஏழு மூட்டையும் மண்ணுக்குள் போனது. நான் மானியைப் பழையபடி கம்பத்தில் கட்டி, வெளியிடம் என்பதால் மூடியும் போட்டேன். பயிருக்கு மழை வேண்டுமே என்று கூரையைக் காட்டிலேயே வைத்துக்கொண்டு தினமும் வயல் வயலாகத் தூக்கிப் போய்க் காட்டினோம்.

வீட்டில் சீனியம்மா என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். "கூரையை எடுத்ததும் ஒழுகுறது நின்னுருச்சு, இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றாள். முழங்கால் தண்ணீரில் நின்று சோறு பொங்கினாள். பெண்டாட்டி வாய்த்தால் இப்படி வாய்க்க வேண்டும், எனக்கேற்ற ஜோடி.

உளுந்து முளைத்தது. ரெட்டை இலை விட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. அதைப் பார்த்த அன்றைக்கு நான் வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒரு வருஷமாக ஊர் முகத்தைப் பார்க்க முடியாமல் கிடந்தவன் நான். சீனியம்மா எருமைக் கயிற்றைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டாள்.

அதற்கு மறுநாள் ஜெபராணி மேடம் வந்தார். சைபர் சைபர் என்று நான் சொன்னது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஸ்கூட்டி பாதி வழியில் சேற்றில் நின்றுவிட, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பச்சையாகக் கிடந்த காட்டைப் பார்த்தார். அதில் கொட்டுகிற மழையில் பன்னிரண்டு பேர் ஒரு கூரையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். கம்பத்தில் இருந்த மானியைப் பார்த்தார். அதன் மேல் இருந்த கஞ்சிச் சட்டி மூடியையும் பார்த்தார்.

"யாரு இத மூடுனது?"

"நான்தான் மேடம். எதுவும் விழக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றேன் பவ்யமாக.

மேடம் வானத்தைக் காட்டினார். "அண்ணே, மேல இருந்து விழுதே, இதுக்கு என்ன பேரு?"

"மானியில ஏறட்டும் மேடம், பேரச் சொல்றோம்" என்றார் நாட்டாமை.

மேடம் மூடியைப் பிடுங்கித் தூர எறிந்தார். "பாருங்க! நல்லாக் கண்ணத் தொறந்து பாருங்க!" கூரையை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் எல்லாரும் கம்பத்தைச் சுற்றி நின்றோம். தண்ணீர் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.

"அஞ்சு! மழை ஆரம்பிச்சிருச்சு!" என்று சடையாண்டி கத்தினான். பன்னிரண்டு பேருக்கும் அப்போதுதான் நனைவது உறைத்தது. "ஐயையோ, மழை!" என்று ஆளுக்கொரு பக்கமாகத் துண்டைத் தலையில் போட்டோம். இருபத்தைந்து நாளாகத் தாங்கிய குளிர் ஒரே நொடியில் பல்லைக் கிட்ட வைத்தது.

கரும்பாயிரம் மட்டும் அசையவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, மழை இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. அதுவும் அஞ்சுதான். மழை ஆரம்பிக்கிறதுக்கு முந்திக் கூரைக்குக் கீழ வந்த ஐம்பது எப்படிக் கணக்குல சேரும்? ஐம்பது வந்தாத்தான விதைக்கணும்? நாம முந்தி விதைச்சிட்டோம். போன வருஷம் பண்ணுன அதே தப்பு!"

நாட்டாமை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "புடுங்குங்கடா! பொசுங்குறதுக்குள்ள புடுங்கி, பெட்டியில போட்டு வைங்க! ஐம்பது வந்ததும் மறுபடி விதைச்சிக்கலாம்!"

அவரவர் வயலுக்கு ஓடினோம். மேடமும் ஓடினார். "ஐயோ அண்ணே, புடுங்காதீங்க! பயிரு நல்லா இருக்கு! ஈரம் இடுப்பளவு இருக்கு!" ஒருத்தன் கையைப் பிடித்தால் இன்னொருத்தன் குனிந்தான். "மானி சொல்லட்டும் மேடம்" என்றோம். "கண்ணால பாத்துச் சொல்லாதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க?" மேடம் சேற்றில் விழுந்து எழுந்தார். அழுதார் என்றே நினைக்கிறேன், மழையில் சரியாகத் தெரியவில்லை. எனக்கும் கை வரவில்லைதான். ஆனால் விதி என்றால் விதி. என் வயலில் முதல் செடியைப் பிடித்தேன்.

"நில்லுங்க!" என்று மேடம் ஒரு கத்துக் கத்தினார். திரும்பிப் பார்த்தோம். கம்பத்தில் இருந்து மானியை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். நேராக என் கூரைக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓட்டைக்குக் கீழே நின்றார். "தூக்குங்க கூரைய! வெயிலுமுத்து அண்ணன் வயலுக்கு முதல்ல!"

தூக்கினோம். என் வயலில் நின்று, ஓட்டைத் தண்ணீர் தலையில் கொட்டக் கொட்ட மானியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஐம்பது! பாத்துக்கங்க! இந்த வயலுக்கு ஐம்பது வந்தாச்சு. ஒரு செடி புடுங்கக்கூடாது. அடுத்த வயல்!"

நான் பிடித்த செடியை விட்டேன். பிழைத்தது என்று அவ்வளவு சந்தோஷம். வயல் வயலாகப் போனோம். மேடத்துக்கு முதலில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது, நாலாவது வயலில் பழகிவிட்டது. "கூரைய வடக்க சாய்க்காதீங்கண்ணே, மழை சிதறுது" என்று எங்களுக்கே சொல்லிக்கொடுத்தார்.

இன்னும் இரண்டு வயல் பாக்கி இருக்கும்போது ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. மேடத்தைத் தேடி வந்த அவருடைய பெரிய ஆபீசர் இறங்கினார். கையில் கருப்புக் குடை, காலில் ரப்பர் பூட்ஸ். சேற்றைத் தாண்டித் தாண்டி வந்து, கூரைக்கு வெளியே நின்று, எங்கள் பன்னிரண்டு பேரையும் நடுவில் நின்ற மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா பண்றீங்க இங்க?"

மேடம் மானியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. நாற்பத்தெட்டு ஏறிவிட்டது. "சார், இப்பப் பேசாதீங்க, கணக்குத் தப்பிரும். வெளிய நின்னுக்கிட்டு ஏன் சார் குடையப் பிடிச்சிருக்கீங்க? மழை உள்ளதான் பெய்யுது."

பெரிய ஆபீசர் வானத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டினோம். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே வந்து ஒரு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்.